அதற்கு முன்பே ஓர் இசைத்தட்டு இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் எண்பதுகளின் மேல்நாட்டுப் பாட்டுகளைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். தமிழ்ப் பேப்பரில் இதையெல்லாம் இவ்வளவு விரிவாக எழுதுகிறார்களே என்று சந்தோஷப்பட்டு, அம்பத்தூரில் இருக்கும் என் அண்ணனுக்கும் போன் போட்டு வாசித்துக் காட்டினேன். பாதியிலேயே அண்ணன் நிறுத்திவிட்டார். "அந்த வரியை இன்னொரு தடவை படி பாப்பா" என்றார். பாடகி ஆனி லெனாக்ஸும் டேவ் ஸ்டூவர்ட்டும் சேர்ந்த யூரித்மிக்ஸ் என்ற இரட்டையரின் முதல் ஆல்பமே உலகத்தைக் கலக்கியது என்று எழுதி, 1983-ல் வந்த 'ஸ்வீட் ட்ரீம்ஸ்' ஆல்பத்தைச் சொல்லியிருக்கிறீர்கள். அது அவர்களுடைய இரண்டாவது ஆல்பம். முதல் ஆல்பம் 1981 அக்டோபரில் வந்தது. பெயர் 'இன் தி கார்டன்'. அது யாரையும் கலக்கவில்லை. இங்கிலாந்தின் விற்பனைப் பட்டியலில்கூட அது ஏறவில்லை. அதிலிருந்து முதலில் தனியாக வெளியிட்ட பாட்டு 63-ஆம் இடம் வரை போய் நின்றுவிட்டது.

விற்காததால் அது இல்லை என்று ஆகிவிடாது. அந்த இசைத்தட்டு எங்கள் வீட்டில் நாற்பது வருஷத்துக்கும் மேலாக இருக்கிறது. அதைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணன் 1982-ல் பெரம்பூர் பேப்பர் மில்ஸ் ரோட்டில் கேசட் ரெக்கார்டிங் சென்டர் வைத்தார். அந்தக் காலத்துக்காரர்களுக்கு விளக்கம் தேவையில்லை. நோட்டுப் புத்தகத் தாளில் பாட்டு லிஸ்ட் எழுதிக்கொண்டு வருவார்கள். கூடவே ஒரு காலி கேசட். இரண்டு நாள் கழித்து வந்து வாங்கிக்கொண்டு போவார்கள். நான் பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால், கேசட் பெட்டிக்குள் வைக்கிற அட்டையில் பாட்டுப் பெயர் எழுதுவது என் வேலையானது. சைடு ஏ நீல மை, சைடு பி சிவப்பு மை. ஒரு நாளைக்குப் பத்து அட்டை எழுதியிருப்பேன்.

பெரம்பூரில் அப்போது ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் நிறைய. ரயில்வேயில் வேலை, இன்ஸ்டிட்யூட்டில் டான்ஸ், வீட்டுக்கு வீடு ரெக்கார்ட் பிளேயர். ஆங்கிலப் பாட்டு கேட்டு வருகிற கூட்டம் அதனால்தான் எங்கள் கடைக்கு வந்தது. மூர் மார்க்கெட்டில் அண்ணன் தேடித் தேடி வாங்கிய பழைய இசைத்தட்டுகள் ஒரு பக்கம், இந்தக் குடும்பங்கள் இரவல் கொடுத்தவை ஒரு பக்கம். (1985 மே மாதம் மூர் மார்க்கெட் எரிந்த மறுநாள் அண்ணன் கடை திறக்கவில்லை. அங்கே போய் வெகுநேரம் நின்றுவிட்டு வந்தார்.) எங்கள் பக்கத்து வீட்டு ஆன்ட்டியின் மகன் கப்பலில் எஞ்சினியர். 1983-ல் லீவுக்கு வந்தபோது லண்டனில் விலை குறைத்து வைத்திருந்த பெட்டியிலிருந்து எடுத்ததாகச் சொல்லி ஏழெட்டு இசைத்தட்டுகளைக் கொண்டுவந்தார். அதில் ஒன்றுதான் 'இன் தி கார்டன்'. பிறகு அந்தக் குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பியபோது, எடுத்துப் போக முடியாத சாமான்களோடு அந்தத் தட்டுகளையும் ஆன்ட்டி எங்களிடமே கொடுத்துவிட்டார்.

அந்தச் சமயத்தில் 'ஸ்வீட் ட்ரீம்ஸ்' பாட்டு மெட்ராஸில் ஆங்கிலப் பாட்டு கேட்கிற பையன்கள் வாயில் எல்லாம் இருந்தது. அதே ஆட்களின் இன்னொரு தட்டு எங்களிடம் இருக்கிறது என்று தெரிந்ததும் ஒரு கல்லூரிப் பையன் வந்து அறுபது நிமிஷ கேசட் கொடுத்தான். தட்டு ஒரு பக்கத்துக்கு இருபது நிமிஷம்போலத்தான் ஓடும். மிச்சம் இருந்த இடத்தில் அண்ணன் போனி எம் குழுவின் பாட்டுகளைப் போட்டு நிரப்பிக் கொடுத்தார். மறுநாள் காலையில் கடை திறப்பதற்கு முன்பே பையன் வாசலில் நிற்கிறான். "அண்ணா, கேசட் இழுக்குது. பாடறவங்க குரல் உள்ளேர்ந்து வருது. போனி எம் மட்டும் நல்லா இருக்கு."

அண்ணனுக்கு வேலையில் குறை சொன்னால் தாங்காது. ஸ்பிரிட்டில் பஞ்சைத் தொட்டு ஹெட்டைத் துடைத்தார். தட்டைத் துடைத்தார். ஊசியை மாற்றினார். லெவல் முள் சிவப்பைத் தொடாமல் பார்த்துக்கொண்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து, முழுசாக மறுபடியும் பதிவு செய்தார். கேட்டால் அப்படியேதான் இருக்கிறது. குரல் தள்ளி நிற்கிறது. பையனும் வேண்டாம் என்று சொல்லி, அதன்மேலேயே வேறு பாட்டு பதிந்துகொண்டு போய்விட்டான். பத்துப் பாட்டின் பெயரையும் நான் எழுதி வைத்திருந்த அட்டை மட்டும் மேஜை டிராயரில் தங்கிவிட்டது. தட்டில்தான் ஏதோ கோளாறு என்று நாங்கள் இருவரும் முடிவு கட்டினோம். 1994-ல் கடையை மூடும்போது அது பரணுக்குப் போனது.

போன வருஷம் என் அக்கா பையன் சின்ன ரெக்கார்ட் பிளேயர் ஒன்று வாங்கிக் கொடுத்தான். பரணிலிருந்து தட்டுகளை இறக்கி, லேசான சோப்புத் தண்ணீரில் அலசி, பழைய மல் துணியால் ஒத்தி எடுத்தேன். அண்ணன் ஞாயிற்றுக்கிழமை மதியம் வருவார். நான், அண்ணன், அண்ணி மூன்று பேரும் உட்கார்ந்து கேட்போம். அப்படித்தான் ஒரு நாள் இது கைக்கு வந்தது. முதல் பாட்டு முடிந்ததும் அண்ணன் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "அந்தப் பையன் சொன்னது சரி பாப்பா. தட்டுல கோளாறு இல்ல. குரலை வேணும்னே தள்ளி வெச்சிருக்காங்க."

அன்றைக்கு எங்களுக்கு இது ஏன் புரியவில்லை என்று யோசித்துப் பார்த்தேன். நாம் சினிமாப் பாட்டு கேட்டு வளர்ந்தவர்கள். அதில் குரல்தான் முன்னால் நிற்கும். எஸ்.பி.பி. என்றால் எஸ்.பி.பி., ஜானகியம்மா என்றால் ஜானகியம்மா. வாத்தியங்கள் பின்னால் நின்று தாங்கிப் பிடிக்கும். பாட்டு போட்டதும் நம் காது முதலில் குரலைத் தேடிப் போகிறது. இந்தத் தட்டில் ஆனி லெனாக்ஸ் வாத்தியங்களுக்கு நடுவில் இன்னொரு வாத்தியம்போல நிற்கிறார். பின்னால் உலகமே கேட்ட அந்தக் குரல் இதில் முழுசாகத் திறக்கவே இல்லை. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஒருத்தர் தனக்குத்தானே பாடிக்கொண்டு நடப்பதுபோல இருக்கிறது. 'சிங் சிங்' என்று ஒரு பாட்டை பிரெஞ்சு மொழியில் பாடியிருக்கிறார். 'நெவர் கோனா க்ரை அகெய்ன்' பாட்டில் புல்லாங்குழல் வருகிற இடத்தில் அண்ணி சமையற்கட்டிலிருந்து வெளியே வந்து நின்று கேட்டார். ஆனி லெனாக்ஸ் லண்டன் ராயல் அகாடமி ஆஃப் மியூசிக்கில் படித்ததே புல்லாங்குழல்தான்.

அப்புறம் டிரம்ஸ். அண்ணன் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, இது எல்லாம் ஒரே கை இல்லை என்றார். உறையைத் திருப்பிப் படித்தோம். டிரம்ஸில் கிளெம் பர்க் இருக்கிறார், பிளாண்டி குழுக்காரர். ஜாக்கி லீபெஸைட் இருக்கிறார், ஜெர்மனியின் கேன் குழுக்காரர். இந்த லீபெஸைட் ஜாஸ் வாசித்துக்கொண்டிருந்தவர். அதை விட்டுவிட்டு, ஒரே அடியைத் திரும்பத் திரும்ப வாசிக்கிற பாணிக்கு வந்தவர். எங்கள் தெருவில் சாவு மேளம் போகும்போது கவனித்திருக்கிறீர்களா? தூரத்தில் கேட்கும்போது ஒரே அடி. கிட்டே வர வர, அந்த ஒரே அடிக்குள்ளே சின்னச் சின்னதாக ஏதோ நகர்ந்துகொண்டே இருப்பது தெரியும். நின்று கேட்கிறவனின் கால் தானாக ஆடும். லீபெஸைட்டின் வாசிப்பும் எனக்கு அப்படித்தான் கேட்கிறது. வட சென்னைக்காரர்களுக்கு இது அந்நியமான இசையே இல்லை. 1983-ல் இப்படி யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் அந்தத் தட்டு பரணுக்குப் போயிருக்காது.

இதைப் பதிவு செய்தவர் கோனி பிளாங்க். கொலோன் நகரத்துக்கு வெளியே ஒரு பழைய பண்ணை வீட்டை ஸ்டுடியோவாக மாற்றி வைத்திருந்தார். கேன் குழுவின் ஹோல்கர் சுகாயும் இந்தத் தட்டில் இருக்கிறார். அவர் ஸ்டாக்ஹவுசன் என்ற பெரிய ஜெர்மன் இசையமைப்பாளரிடம் பாடம் கேட்டவர். அதே ஸ்டாக்ஹவுசனின் மகன் மார்கஸும் இதில் ஊதியிருக்கிறார். குருவின் பிள்ளையும் சிஷ்யரும் ஒரே பாப் இசைத்தட்டில்! கர்நாடக சங்கீதக் கச்சேரிகளைப் பற்றி எழுதும்போது பக்கவாத்தியம் யார், அவர் யாரிடம் கற்றவர் என்று ஒன்று விடாமல் எழுதுகிறீர்கள். பாப் இசை என்றால் மட்டும் பாடகி பெயரோடு நின்றுவிடுகிறது. இது எனக்கு வருத்தம். அந்தப் பண்ணை வீட்டில் யார் யார் உட்கார்ந்து வாசித்தார்கள் என்று தெரிந்த பிறகுதான் எனக்கு இந்தத் தட்டு திறந்தது.

அவர்கள் அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனி லெனாக்ஸும் டேவ் ஸ்டூவர்ட்டும் அதற்கு முன் தி டூரிஸ்ட்ஸ் என்ற குழுவில் இருந்தார்கள். பாடகி டஸ்டி ஸ்பிரிங்ஃபீல்டின் பழைய பாட்டு ஒன்றைத் திரும்பப் பாடி, 1979-ல் இங்கிலாந்துப் பட்டியலில் 4-ஆம் இடம் வரை போனார்கள். அந்த வழியிலேயே போயிருந்தால் வருஷத்துக்கு ஒரு பழைய பாட்டைத் திருப்பிப் பாடிக் காலம் தள்ளியிருக்கலாம். 1980-ல் குழு கலைந்தது. இவர்கள் இருவரும் காதலர்களாக இருந்தவர்கள், அதுவும் முடிந்துபோனது. நம் பக்கத்தில் பிரிந்த இரண்டு பேர் ஒரே தெருவில் எதிரெதிரே நடக்கவே யோசிப்பார்கள். இவர்கள் பிரிந்த கையோடு இரட்டையராகச் சேர்ந்து பாட்டு செய்தார்கள். அதுவும் விற்கிற பாட்டைச் செய்யவில்லை. தங்களுக்கே இன்னும் பிடிபடாத ஒன்றைத் தேடி ஜெர்மனிக்குப் போய், தங்களைவிட அதில் ஊறினவர்களோடு உட்கார்ந்தார்கள். இவ்வளவும் அந்தத் தட்டில் கேட்கிறது. சில பாட்டுகள் எங்கே போகிறோம் என்று தெரியாமல் நடுவில் தயங்கி நிற்கின்றன, அதை மறைக்க மாட்டேன். இரண்டாம் பக்கத்தில் ஒன்றிரண்டு பாட்டு இன்றைக்கும் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் பயந்து செய்தது என்று ஒரு பாட்டைக்கூடச் சொல்ல முடியாது.

யூரித்மிக்ஸ் என்ற பெயருக்கும் ஒரு கதை உண்டு. டால்குரோஸ் என்று ஸ்விட்சர்லாந்தில் ஒரு வாத்தியார் இருந்தார். குழந்தைகளுக்கு இசையை உடம்பு அசைவின் வழியாகச் சொல்லிக்கொடுக்கிற முறையை உருவாக்கினார். அதன் பெயரிலிருந்து எடுத்ததுதான். சின்ன வயதில் ஆனி லெனாக்ஸுக்கு அது பழக்கமாகியிருந்தது. நாம் பாட்டு கிளாஸில் சரளி வரிசை பாடும்போது தொடையில் தட்டி, விரல் விட்டு எண்ணி, தாளம் போட்டுக்கொண்டேதானே கற்றோம்? தாளத்தை முதலில் கையில் ஏற்றி, அப்புறம்தான் மனசில் ஏற்றினார்கள். அந்த அர்த்தம் தெரிந்ததும் அந்தப் பெயர் எனக்கு நெருக்கமாகிவிட்டது.

உங்கள் கட்டுரை கொண்டாடுகிற இரண்டாவது ஆல்பத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. அமெரிக்காவில் முதலிடம், இங்கிலாந்தில் இரண்டாமிடம் என்று அந்தத் தலைப்புப் பாட்டு 1983-ல் வாங்கிய பெயர் நியாயமான பெயர். ஆனால் அது எங்கிருந்து வந்தது? வங்கியில் கடன் வாங்கி, படத்துக்குச் சட்டம் போடுகிற கடை ஒன்றின் மாடியில், எட்டு ஒலிகளைத் தனித்தனியாகப் பதியக்கூடிய எட்டு டிராக் மெஷின் ஒன்றை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் செய்தார்கள். பால் பாட்டில்களில் தண்ணீர் ஊற்றி, சுருதி சேர்த்து, அதைத் தட்டி எழுப்பிய ஒலியை அந்தப் பாட்டுக்குள் சேர்த்தார்கள். நம்ம ஜலதரங்கம்தான்! கையில் இருப்பதை வைத்துச் சத்தம் உண்டாக்கலாம் என்ற துணிச்சலை அவர்கள் அந்தப் பண்ணை வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு வந்ததாகத்தான் எனக்குப் படுகிறது. கோனி பிளாங்கின் ஸ்டுடியோவில் பதிந்த ஒலிகளைக் கலந்து சேர்க்கிற கலவை மேஜையும் ஒரு வாத்தியம்தான். இந்த முதல் தட்டைக் கேட்காமல் இரண்டாவதைக் கேட்டால் ஏதோ வானத்திலிருந்து குதித்ததுபோல இருக்கும்.

நம் ஊருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. அதே டேவ் ஸ்டூவர்ட் 2011-ல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் மிக் ஜாகரோடும் நம்ம ஏ.ஆர். ரஹ்மானோடும் சேர்ந்து சூப்பர்ஹெவி என்ற குழுவில் இருந்தார். ரஹ்மான் பற்றிப் பேசும்போதும் 1992, 'ரோஜா' என்றுதான் எல்லோரும் தொடங்குகிறார்கள். அதற்கு முன்பே மால்குடி சுபாவோடு அவர் ஓர் ஆங்கில ஆல்பம் செய்தார். அன்றைக்கு அதைக் கேட்டவர்கள் குறைவு. எங்கள் கடைக்கு அதைக் கேட்டு யாரும் வந்ததாக ஞாபகம் இல்லை. அண்ணன் மட்டும் வாங்கி வைத்திருந்தார்.

மெல்லிசை மன்னர்களின் முதல் படம் எது என்று கேட்டால், 'பணம்', 1952, என்.எஸ். கிருஷ்ணன் டைரக்‌ஷன் என்று தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்கிற ஆட்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். விஸ்வநாதன் - ராமமூர்த்தி என்ற இரட்டையரின் தொடக்கத்தை நாம் அவ்வளவு மதிக்கிறோம். அதே மரியாதையைத்தான் இந்த இரட்டையருக்கும் கேட்கிறேன்.

'இன் தி கார்டன்' 2005-ல் ஒலியைச் சுத்தம் செய்து, கூடுதல் பாட்டுகளோடு மறுபடியும் வெளிவந்தது. அதனால் இன்றைக்குக் கேட்பது கஷ்டமில்லை. உங்கள் வாசகர்களில் இளவயதுக்காரர்கள் யாராவது கேட்பதாக இருந்தால் எனக்குத் தெரிந்த ஒரு வழி சொல்கிறேன். முதல் தடவை குரலைத் தேடாதீர்கள். டிரம்ஸை மட்டும் பிடித்துக்கொண்டு பின்னால் போங்கள். இரண்டாம் தடவை குரல் தானாக முன்னால் வரும். எங்கள் வீட்டில் மூன்று பேருக்கும் அப்படித்தான் நடந்தது. இரவில், விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டால் இன்னும் நல்லது.

கோனி பிளாங்க் 1987-லேயே காலமாகிவிட்டார். லீபெஸைட்டும் சுகாயும் 2017-ல், ஒரே வருஷத்தில் போனார்கள். கிளெம் பர்க் 2025 ஏப்ரலில். அண்ணன் இந்த வருஷங்களையெல்லாம் உறையில் அவரவர் பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார். 1983-ல் நான் எழுதின அட்டையும் இப்போது அந்த உறைக்குள்தான் இருக்கிறது. நீல மை பழுப்பாகிவிட்டது. சிவப்பு அப்படியே இருக்கிறது.

அந்தக் கல்லூரிப் பையனுக்கும் இன்று அறுபது வயதாவது ஆகியிருக்கும். பெரம்பூர் பக்கத்திலேயே இருந்து இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவராகவும் இருக்கலாம். அவருக்கு ஒரு வார்த்தை: நீங்கள் கேட்டது சரி. அன்றைக்கு எங்களுக்குத்தான் சொல்லத் தெரியவில்லை. வீட்டுப் பக்கம் வந்தால் தட்டைப் போட்டுக் காட்டுகிறேன்.

வருகிற ஞாயிறு இணைப்பில், யூரித்மிக்ஸின் முதல் ஆல்பம் 1981-ல் வந்த 'இன் தி கார்டன்' என்று திருத்தி ஒரு வரி போடும்படி கேட்டுக்கொள்கிறேன். இடம் இருந்தால் கோனி பிளாங்க் பெயரையும் சேர்த்துப் போடுங்கள்.

தங்கள் நீண்ட நாள் வாசகி,
பெரம்பூர், சென்னை-11